தனியாக வாசித்தாலும் நிற்கும் ரிஃப்கள், துணை கேட்கும் சோலோக்கள்

காப்பித்தோட்டம் (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்துக்கு இறங்கி வந்து கிட்டார் கற்றுக்கொள்கிறேன். மே மாதக் கோடை விழாவை ஒட்டி எங்கள் நண்பர்கள் ஒரு மாலையில் ஒன்றுகூடுவது வழக்கம். இந்த ஆண்டு ராக் இசையில் எனக்கு மிகவும் பிடித்த ரிஃப்களையும் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசை வரிகள்) சோலோக்களையும் (கிட்டார் தனித்து முன்னே வரும் பகுதிகள்) வாசித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். டிரம் இல்லை, பேஸ் இல்லை, பாடுவதற்கும் ஆள் இல்லை. நான், ஓர் எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு சிறிய ஆம்ப் (ஒலிபெருக்கி) என்பதுதான் மொத்தக் கச்சேரி.

பட்டியல் போடுவதில் சிரமம் இருக்கவில்லை. ரிஃப் என்றால் டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'. சோலோ என்றால் பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்' பாட்டின் இரண்டாவது சோலோ, ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' முடிவில் வரும் நீண்ட பகுதி, டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்'. ஆனால் வாசித்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு உறுத்துகிறது. ரிஃப்பைத் தனியாக வாசித்தாலே முழுப் பாட்டும் அறைக்குள் வந்துவிடுகிறது. சோலோவை எத்தனை கவனமாக வாசித்தாலும், யாரோ கேட்ட கேள்விக்கு நான் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது, கேள்வி யார் காதிலும் விழவில்லை. ஸ்வரங்கள் சரியாகவே இருக்கின்றன என்று என் ஆசிரியர் சொல்கிறார்.

இது ஏன் இப்படி? உங்களுக்குப் பிடித்த ரிஃப்களிலும் சோலோக்களிலும் ஒற்றைக் கிட்டாரில் உயிரோடு நிற்பவை எவை, நிற்காதவை எவை என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆறாம் தந்தி (அஸ்தம்பட்டி) எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. விருப்பப் பட்டியல் கேட்டு வருபவர்களுக்குப் பதில் எழுதிச் சலித்துப்போன என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு மாறுதல்.

முதலில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப்பையே எடுத்துக்கொள்வோம். 1972இல் வந்த அந்த ரிஃப்பைக் கடையில் கிட்டார் வாங்க வருகிற ஒவ்வொருவரும் வாசித்துப் பார்ப்பதால் அதைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. என் கருத்தில் ராக் இசையின் மிகச் சிக்கனமான, மிக முழுமையான ரிஃப் அதுதான். பலரும் அதை ஒற்றைத் தந்தியில் வாசிக்கிறார்கள். டீப் பர்ப்பிளின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அப்படி வாசிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதற்கு ஐந்து அரைஸ்வரம் கீழே உள்ள ஸ்வரத்தைச் சேர்த்து, பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) விட்டுவிட்டு இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் பறிக்கிறார். பிக் மேலிருந்து கீழே வரும்போது ஒரு தந்தி முன்னும் மற்றது பின்னுமாக ஒலிக்கும். விரலால் பறித்தால் இரண்டும் ஒன்றாகப் புறப்படும். அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. இரட்டை ஸ்வரங்களாக நகர்வதால் தனக்கு வேண்டிய ஹார்மனியையும் அந்த ரிஃப் தானே சுமந்து செல்கிறது. இடையில் விடப்படும் மௌனங்களோ தாளத்தைச் சொல்லிவிடுகின்றன. பதிவைக் கேட்டீர்களானால், கிட்டார் தனியாகத் தொடங்கிய பிறகுதான் டிரம்மும் ஆர்கனும் பேஸும் படிப்படியாக வந்து சேர்கின்றன. அதாவது, அது தனியாக நிற்கும் என்று நம்பித்தான் அவர்களே பாட்டை அப்படித் தொடங்கியிருக்கிறார்கள்.

'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' (1965) வேறு வகை. அதில் மூன்றே ஸ்வரங்கள். கீத் ரிச்சர்ட்ஸ் அதை ஊது கருவிகள் வாசிக்க வேண்டிய வரியாகத்தான் மனத்தில் வைத்திருந்தார். அதற்கு ஒரு மாதிரியாக ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலில் வாசித்துப் பதிந்தது அப்படியே வெளியாகிவிட்டது. ஆகவே அந்த ஃபஸ் ஒலி இல்லாமல் தெளிவான ஒலியில் வாசித்தால் ரிஃப் இளைத்துப்போகும். உங்கள் சிறிய ஆம்பில் கெய்ன் என்னும் கரகரப்பு அளவைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது சோலோ. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976) சோலோவின் அடியில் எட்டுக் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சுழன்றுகொண்டே இருக்கின்றன: பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், மீண்டும் எஃப் ஷார்ப். ஈகிள்ஸின் கிட்டார் கலைஞர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு இருவரும் சேர்ந்து மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இறங்கும் அந்தப் பகுதி முழுவதும், அடியில் எந்தக் கார்டு ஓடுகிறதோ அதன் ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் போகிறது. கேட்பவர் மகிழ்வது ஸ்வரத்தை மட்டும் கேட்டு அல்ல, ஸ்வரமும் கார்டும் சந்திக்கும் இடத்தைக் கேட்டு. கார்டை எடுத்துவிட்டால் சந்திப்பு இல்லை. போதாக்குறைக்கு இரண்டு பேர் வாசித்ததை ஒருவர் வாசிக்கிறீர்கள். அந்த சோலோ மேடையில் அந்தக் கணத்தில் தோன்றியதும் அல்ல. ஃபெல்டர் வீட்டில் பதிந்த முன்மாதிரி கேசட்டில் இருந்ததை அப்படியே வாசிக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டதால், அவர் தம் வீட்டுப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து அந்தக் கேசட்டை ஓடவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அவ்வளவு திட்டமிட்டு நெய்த ஒன்றிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவினால் அது துணியாக நிற்காது.

என் பரிந்துரை: ரிஃப்களைத் தனியாக வாசியுங்கள், சோலோக்களுக்குக் கைப்பேசியில் பேக்கிங் டிராக் (மற்றக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் பதிவு) ஓடவிடுங்கள்.

உருக்காலை_ஓய்வு எழுதியது:

தம்பி, பட்டியலில் பிளாக் சப்பாத் இல்லையே என்பது என் முதல் வருத்தம். இரும்போடு வாழ்ந்த ஊர்க்காரர்களாகிய நாம் அவர்களை விடலாமா?

அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தவர். தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965இல், 17 வயதில், அந்த வேலையை விட்டுச் செல்லவிருந்த கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர் என்பதால் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். நான் சேலம் உருக்காலையில் பிரஸ் இயந்திரங்களின் அருகில் பல ஆண்டுகள் நின்றவன் என்பதால், இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் கை தானாக மடங்கிக்கொள்ளும். தொழிற்சாலை மேலாளர் ஒருவர், இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்து ஊக்கப்படுத்தினார். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பிகள் செய்துகொண்டார். தந்திகளை மெல்லியவையாக மாற்றினார். 1971 அளவில் கிட்டாரின் சுருதியையே மூன்று அரைஸ்வரம் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். ஹெவி மெட்டலின் ஒலி என்று உலகம் இன்று சொல்வதன் ஒரு பெரும் பகுதி, புண்பட்ட விரலுக்கு வலிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடுகளிலிருந்து பிறந்தது.

'அயர்ன் மேன்' (1970) ரிஃப்பை வாசித்துப் பாருங்கள். பாடகரும் அதே வரியைத்தான் பாடுகிறார்; ரிஃப்தான் பாட்டு, பாட்டுதான் ரிஃப். டிரம் இல்லையென்றாலும் காலால் தட்டிக்கொண்டே வாசிக்கலாம். உங்களுக்கு ஏற்ற உருப்படி அதுவே.

இன்னொன்று. சோலோ தனியாக நிற்காததற்குக் கார்டு மட்டும் காரணமல்ல. 'கம்ஃபர்ட்டப்ளி நம்' சோலோவை வாசித்த பிங்க் ஃபிளாய்டின் கில்மோர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது மறையாமல் நீண்டுகொண்டே போகிறது. பெரிய ஆம்பின் சத்தமும் ஃபஸ் பெடலும் அதைத் தாங்கி நிற்கின்றன. அறையில் சிறிய ஆம்பில் அதே ஸ்வரம் பாதி வழியில் இறந்துவிடும். உங்களுக்குக் கேட்கும் வெற்றிடத்தில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம்.

வீணை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

ஆறாம் தந்தி ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் "சோலோ தனியாக நிற்காது" என்று எல்லாச் சோலோக்களையும் ஒரே கூடையில் போட்டதை ஏற்க முடியவில்லை. நான் வீணை பயின்றவள்; என் மகன் கிட்டார் வாசிப்பதால் இந்தப் பாட்டுகள் எல்லாம் எங்கள் வீட்டில் ஓயாமல் ஒலிப்பவை. நம் மரபில் ஆலாபனைக்கு அடியில் கார்டு எதுவும் கிடையாது. சட்ஜமும் பஞ்சமமும் ஒலிக்கும் தம்புரா மட்டுமே உண்டு. அதன் மேல் ஒற்றைக் குரல் ஒரு மணி நேரம்கூட நிற்கிறது. ஆகவே கேள்வியை இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: எந்தச் சோலோ தம்புராவின் மேல் நிற்கும்?

காப்பித்தோட்டம் தம்பி, கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலியை இறக்கி, ஏழு கட்டையில், அதாவது உங்கள் பி ஸ்வரத்தில் வைத்து, 'கம்ஃபர்ட்டப்ளி நம்' இரண்டாவது சோலோவை வாசியுங்கள். அந்த சோலோவின் பெரும்பகுதி பி மைனர் பென்டடானிக் என்னும் ஐந்து ஸ்வர வரிசையில் நடக்கிறது. பி-யைச் சட்ஜமாகக் கொண்டால் அவை ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நம் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்கள். அடியில் ஏ, ஜி, ஈ மைனர் என்று கார்டுகள் மாறினாலும் கில்மோரின் வரி பெரும்பாலும் பி-யையே வீடாகக் கொண்டு சுற்றிவருகிறது. அதனால்தான் சுருதியை மட்டும் துணைக்கு வைத்தாலும் அது சிதையாமல் நிற்கும்.

அதே ஏழு கட்டையில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' முடிவை வாசித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எஃப் ஷார்ப் கார்டு வரும்போது காகலி நிஷாதம், ஏ கார்டும் டி கார்டும் வரும்போது கைசிகி நிஷாதம். ஈ கார்டில் சதுஸ்ருதி தைவதம், ஜி கார்டில் சுத்த தைவதம். இரண்டு நிஷாதங்களும் இரண்டு தைவதங்களும் சில நொடி இடைவெளியில் மாறி மாறி வருகின்றன. கார்டு கேட்கும்போது அவை ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றும். கார்டு இல்லாமல் சுருதியை மட்டும் வைத்துக் கேட்டால், ராகம் எது என்று முடிவு செய்யாத ஒருவர் வாசிப்பதுபோலக் கேட்கும். அது அந்த சோலோவின் குறையல்ல. அதன் அழகு வேறு வகையில் கட்டப்பட்டிருக்கிறது.

லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏ மைனர், ஜி, எஃப் என்ற கார்டுகளின் மேல் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் ஏ மைனர் பென்டடானிக்கில்தான் வாசிக்கிறார். எஃப் கார்டு வரும் இடத்தில் மட்டும் அந்த ஐந்து ஸ்வரங்களில் இல்லாத சுத்த தைவதத்தைப் போய்த் தொடுகிறார். ஆறு கட்டைச் சுருதியில் அந்தத் தைவதம் ஓர் அந்நிய ஸ்வரமாக அல்லாமல் ஓர் ஏக்கமாகவே ஒலிக்கும். இதுவும் தாராளமாக நிற்கும் என்பது என் எண்ணம்.

உருக்காலை அண்ணா சொன்ன அயோமிக்கும் ஒரு வார்த்தை. பவர் கார்டு என்று நீங்கள் வாசிப்பதில் இருப்பவை சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே, காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷனில் காந்தாரம் சேர்ந்தால் ஒலி குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள் என்று மகன் விளக்கினான். அப்படியானால் ஒவ்வொரு பவர் கார்டும் கையோடு எடுத்துச் செல்லும் ஒரு தம்புராதான்! ரிஃப் ஏன் தனியாக நிற்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் விடை இது: அது தன் சுருதியைத் தானே கொண்டுவருகிறது, சோலோவோ மற்றவர்களிடம் கேட்டு வாங்குகிறது. ('ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப்பில் பிரதி மத்யமத்தைத் தொட்டு உடனே சுத்த மத்யமத்துக்குச் சறுக்குவதை மட்டும் என் குரு கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.)

தந்தியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்தும் பெண்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். சுருதி ஓடும்போது தந்தியை இழுத்து நிறுத்தும் இடம் சற்றே குறைந்தாலும் உடனே வெளியே தெரியும். பேக்கிங் டிராக்கின் சத்தத்தில் அது மறைந்துவிடும். பயிற்சிக்காகவாவது சுருதிப் பெட்டியோடு வாசியுங்கள்.

ஐந்துரோடு_பேஸ் எழுதியது:

எல்லாரும் பெரியவர்கள் என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். தனியாக நிற்கிறதா என்பதைத் தர அளவுகோலாக மாற்றிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) பாட்டை நினைத்துப் பாருங்கள். அதன் புகழ்பெற்ற ரிஃப் கிட்டாருக்கு உரியதே அல்ல. ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பேஸ் ரிஃப் அது. கிட்டார் சோலோ தொடங்கும்போது பாட்டு நான்கு எண்ணிக்கைக்கு மாறுகிறது. அதுவரை நொண்டி நடந்த பாட்டு திடீரென்று ஓடத் தொடங்கும் அந்த விடுதலைதான் அந்த சோலோவின் உயிர். அதைத் தனியாக வாசித்தால் எந்தச் சுருதிப் பெட்டியும் காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே தொலைந்தது சுருதி அல்ல, தாளம். பேஸ் வாசிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தனியாக நிற்பதன் உச்சம் வேண்டுமென்றால் ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003) இருக்கிறது. பேஸ் போலக் கேட்கும் அந்த ரிஃப்பை ஜாக் ஒயிட் கிட்டாரில்தான், பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தார். ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் அதைக் கருவி எதுவும் இல்லாமல் வெறும் வாயால் பாடுகிறார்கள். ரிஃப்புக்குக் கிட்டாரே தேவையில்லை என்ற நிலை!

காப்பித்தோட்டம் (ஏற்காடு) எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வீணை அக்கா சொன்னபடி ஏழு கட்டையில் சுருதி வைத்து வாசித்துப் பார்த்தேன். 'கம்ஃபர்ட்டப்ளி நம்' உண்மையிலேயே நிற்கிறது. பேக்கிங் டிராக்கோடு வாசித்தபோது கிடைக்காத ஓர் அமைதிகூட அதில் இருந்தது. உருக்காலை ஐயா சொன்னதை மனத்தில் கொண்டு ஆம்பில் கெய்னையும் ரிவெர்பையும் (எதிரொலி) கூட்டிய பிறகு நீண்ட ஸ்வரங்களும் ஓரளவு தாங்குகின்றன. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அக்கா சொன்னதுபோலவே சிதறியது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு 'அயர்ன் மேன்' சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' முடிவுச் சோலோவைச் சுருதியும் இல்லாமல், டிராக்கும் இல்லாமல் வெறுமனே வாசித்தேன். கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும் பாட்டாக இருந்தும், அது 'ஹோட்டல் கலிஃபோர்னியா' போல விழவில்லை. இதற்கு என்ன காரணம்?

ஆறாம் தந்தி (அஸ்தம்பட்டி) எழுதியது:

வீணை அம்மையாரின் சோதனை என் பொதுப்படையான தீர்ப்பைவிட மேலானது. அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

'சுல்தான்ஸ்' (1978) நிற்பதற்குக் காரணம், டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்ளர் அந்த முடிவுப் பகுதியில் கார்டுகளையே பிரித்து வாசிப்பதுதான். டி மைனர், பி ஃபிளாட், சி என்று அடியில் போகும் கார்டுகளின் மூன்று ஸ்வரங்களையும் வேகமான அடுக்குகளாக அவரே ஒலிக்கவிடுகிறார். எந்தக் கார்டு ஓடுகிறது என்பதைக் கேட்பவர் சோலோவிலிருந்தே அறிந்துகொள்கிறார். ஹோட்டலின் முடிவிலும் அதே பிரிப்பு உண்டு. ஆனால் அங்கே இரண்டு கிட்டார்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒன்றை மட்டும் வாசிக்கும்போது கார்டு முழுமையாவதில்லை, கார்டுகளும் எட்டாக நீள்கின்றன. கன்ஸ் அண்ட் ரோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' (1987) தொடக்க ரிஃப்பும் இதே காரணத்தால் நிற்கும்: ஸ்லாஷ் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, முதல் ஸ்வரத்தை மட்டும் மாற்றுகிறார், அந்த ஒரு ஸ்வரம் மாறினாலே கார்டு மாறியது காதில் விழுந்துவிடுகிறது. ராக் அல்லாத நம் பாட்டில் உதாரணம் வேண்டுமென்றால் 'இளைய நிலா' (1982) தொடக்கத்தைச் சொல்வேன். அந்தக் கிட்டாரைத் தனியாக வாசித்து யாரும் வெறுமையை உணர்ந்ததில்லை.

ஐந்துரோடு தம்பி தாளத்தைப் பற்றிச் சொன்னதும் முக்கியம். ஆகவே வரிசையை இப்படி அமைக்கலாம்: தாளத்தைத் தாங்களே சொல்லும் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', 'அயர்ன் மேன்' இரண்டையும் முதலில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்கள் காலால் தட்டத் தொடங்கியதும் 'சுல்தான்ஸ்', சுருதி போட்டு வாசிக்க வேண்டிய 'கம்ஃபர்ட்டப்ளி நம்' கடைசியில். நாஃப்ளர் பிக் பயன்படுத்துவதில்லை, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். பிளாக்மோரின் ரிஃப்புக்கும் விரல்தான் என்பதால், பிக்கைக் கையில் எடுக்க வேண்டிய அவசியம் நடுவில் அயோமிக்கும் கடைசியில் கில்மோருக்கும் மட்டுமே வரும். மலைமேல் மாலையில் ஈரம் ஏறும். பெட்டியிலிருந்து கிட்டாரை அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டு, வாசிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் சுருதி சேருங்கள், 'கம்ஃபர்ட்டப்ளி நம்' தொடங்கும் முன் மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள்.